தொலைந்த பொருள்

கரண்ட் போனதும் பின்கதவுக்கு வெளியே அந்தச் சத்தம் கேட்டது. யாரோ தொண்டை அடைத்து அழுகிற மாதிரி. நிற்கும். மறுபடி விசும்பும்.

அந்த வாரம் முழுக்க இப்படித்தான். என் வீட்டுக்காரருக்கு ஹல்தியாவில் வேலை, மாசத்துக்கு ஒரு தடவைதான் வருவார். பெஹாலா குவார்ட்டர்ஸின் தரைத்தளத்தில் நானும் கைக்குழந்தையும். பின்கதவில் தாழ்ப்பாள் உடைந்து கிடந்தது. நாற்காலியை முட்டுக்கொடுத்து, அதன் மேலேயே உட்கார்ந்து விடிய விடிய விழித்திருந்தேன்.

கடைசியில் வாட்ச்மேன் கௌசிக்கைப் பிடித்தான். மாடி வீட்டுப் பையன், எட்டாவது படிக்கிறான். கையில் பால்பவுடர் டின். அடியில் ஓட்டை போட்டு நூல் கோத்து, ஈர விரலால் இழுத்தால் டின் அழுகிறது. டின்கூட நான் குப்பையில் போட்டதுதான்.

"போலீஸுக்கு போன் பண்ணுங்க" என்றேன்.

குவார்ட்டர்ஸ் செக்ரட்டரி சிவராமகிருஷ்ணன் சிரித்தார். "சின்னத் தப்புக்கெல்லாம் இங்க பிள்ளைங்க கோர்ட்டும்மா. அவங்களே விசாரிச்சு அவங்களே தண்டனை குடுப்பாங்க. தண்டனையை முடிச்சவன் அடுத்த கேஸ்ல ஜூரி."

"என்ன சார், விளையாட்டா?"

"நாங்க திட்டினா சிரிக்கிறாங்க. அங்க போனா நடுங்கறாங்க."

ஞாயிற்றுக்கிழமை கேரம் அறையில் கோர்ட் கூடியது. நீதிபதி மதுவந்தி. எதிர்வீட்டுப் பெண், பத்தாவது. சாயங்காலமானால் வந்து என் குழந்தையைத் தூக்கிக்கொள்கிறவள். அன்றைக்கு என் முகத்தையே பார்க்கவில்லை. நீதிபதி என்றால் அப்படித்தான் போல. பிளாஸ்டர் சுற்றிய விரலால் மேஜையைத் தட்டினாள்.

"கௌசிக், நீ பண்ணினியா?"

"பண்ணினேன்."

"தனியாவா?" என்றான் ஜூரியில் இருந்த பெங்காலிப் பையன்.

கௌசிக் தரையைப் பார்த்தான். "தனியாத்தான்."

மதுவந்தி என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தொலஞ்சது என்ன ஆன்ட்டி?"

"ஒண்ணும் தொலையல."

"எதாவது சொல்லணும். அதை அவன் திருப்பிக் குடுக்கணும். இங்க அதான் ரூல்."

கான்வென்டில் சிஸ்டர் முன்னால் நின்ற மாதிரி உண்மை வந்துவிட்டது. "தூக்கம். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல."

ஜூரி தலைகளைச் சேர்த்துக் குசுகுசுத்தது. கௌசிக் தாழ்ப்பாள் போட்டுத் தர வேண்டும். அதுதான் தீர்ப்பு.

"அவ்வளவுதானா? இனிமே அந்த முகமே என் வாசல்ல தெரியக் கூடாது" என்றேன்.

"அப்ப தாழ்ப்பாளை யார் போடறது மாஷிமா?" என்றான், ஆன்ட்டியை மாஷிமா என்கிற பெங்காலிப் பையன். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான்.

சாயங்காலமே வந்தார்கள். கௌசிக் கையில் ஸ்க்ரூடிரைவர், மதுவந்தி கையில் புதுத் தாழ்ப்பாள்.

"நீதிபதியே வந்தாச்சா?"

"மேற்பார்வை ஆன்ட்டி" என்றான் கௌசிக். ஆனால் ஸ்க்ரூவையெல்லாம் அவளே முறுக்கினாள்.

"நாங்க வெளில நின்னு தள்ளறோம். நீங்க உள்ளேர்ந்து போட்டுப் பாருங்க" என்றாள்.

போட்டேன். கதவு அசையவில்லை. கௌசிக்கின் செருப்புச் சத்தம் மாடிப்படி ஏறியது.

"ஆன்ட்டி." மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் மதுவந்தி. "வாரம் பூரா டின்னை அழ வெச்சது நான். பிடிபட்ட அன்னிக்குத்தான் அவன் கேட்டான்னு குடுத்தேன். தாழ்ப்பாள் இல்லன்னு சத்தியமா தெரியாது." விரலால் கதவை ஒருமுறை தட்டினாள். "அடுத்த ஞாயிறு கௌசிக் ஜூரி. என் மேல கம்ப்ளெயின்ட் குடுங்க."

அப்போது பார்த்துக் கரண்ட் போனது. குழந்தை சிணுங்கியது.

கதவைத் திறந்தேன். "போய்க் குழந்தையைத் தூக்கு" என்று அவளை உள்ளே விட்டு, தாழ்ப்பாளைப் போட்டேன்.