இளம் ஆய்வாளர் பரிசு

சைராகுல் முனைவர் பட்டம் வாங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. பிஷ்கெக்கில் நடக்கும் சமவாய்ப்பு மாநாட்டின் இளம் ஆய்வாளர் பரிசுக்கு முதன்முறையாகக் கட்டுரை அனுப்பியிருந்தாள். மாநாட்டுச் செயலாளர் எர்மெக் போன் செய்தபோது மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“முதல் பரிசு உனக்குத்தாம்மா. பேரை மறைச்சு வச்சுத்தான் படிச்சோம். நடுவர் அஞ்சு பேரும் உன் கட்டுரைதான்னுட்டாங்க. ஓராண்டு பெர்லின்ல ஆராய்ச்சி பண்ணலாம். பாஸ்போர்ட் நகலை மட்டும் அனுப்பிடு.”

மாவுக் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே அனுப்பினாள்.

மாலையில் மறுபடி போன் வந்தது. இப்போது எர்மெக்கின் குரலில் ஒரு பணிவு; ‘அம்மா’ போய், அக்கா என்ற பொருளில் ‘எஜே’ வந்திருந்தது.

“எஜே, மன்னிக்கணும். உங்களுக்கு அம்பத்திரண்டு வயசுன்னு தெரியாமப் போச்சு. இது முப்பத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு.”

“பட்டம் வாங்கி அஞ்சு வருஷத்துக்குள்ளன்னுதானே அறிவிப்புல இருந்துது?”

“ஆனா பரிசோட பேர்ல ‘இளம்’னு இருக்கே, எஜே.”

“என் கட்டுரையை நீங்க படிச்சீங்களா தம்பி?”

“ரெண்டு தடவை படிச்சேன். பிள்ளைகளை வளர்த்துட்டுப் படிக்க வர்ற பெண்களை வயசைக் காட்டியே வெளியே தள்ளிடறாங்கன்னு எழுதியிருந்தீங்களே, எல்லாரையும் உலுக்கிடுச்சு.”

சைராகுல் மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள்.

“நீங்க விழாவுக்குக் கண்டிப்பா வரணும், எஜே. ரெண்டாவதா வந்த பொண்ணுக்கு, பெரியவங்க உங்க கையாலதான் பரிசு கொடுக்கணும்னு நடுவர்கள் ஆசைப்படறாங்க.”

“வர்றேன் தம்பி. கட்டுரையில இன்னும் ஒரு சான்று சேர்க்கணும். உங்க முழுப் பேரை எப்படி எழுதறது, சொல்லுங்க.”