மூடாத துளை

அக்குபங்சர் வகுப்பில் ஒரு குழல்விளக்கு விடாமல் சிமிட்டுகிறது. அதற்கு நேர் கீழே, கடைசிக் கட்டிலில், பெரியவள் முழங்கால்வரை துணியைச் சுருட்டிவிட்டுப் படுத்திருக்கிறாள். ஊசியோடு குனிந்து நிற்பவள் சின்னவள், அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. "நீங்க பார்த்துக்கிட்ட லட்சணத்துலதான் அத்தை போய்ச் சேர்ந்தாங்க" என்று மாமியாரின் சாவு வீட்டில் நாலு பேர் முன்னால் சின்னவள் சொன்னதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. பட்டியல் வரிசைப்படி ஜோடி சேர்த்துவிட்ட ஆசிரியைக்கு அதெல்லாம் தெரியாது. "முதல்ல சக்தியை ஏத்தறது. மெதுவா குத்துங்க, சட்டுனு உருவுங்க. உருவின கையோட துளையை மூடிடணும். இல்லேன்னா ஏத்தினது அத்தனையும் வீண்" என்கிறார் அவர். ஊசி மயிரிழை மயிரிழையாக இறங்குகிறது. கால் கனத்து, பாதம்வரை ஏதோ ஊர்கிறது. குத்து சுத்தமாகத்தான் இருக்கிறது. பெரியவளுக்கு அதுவே எரிச்சல். ஊசி வெளியே வருகிறது, துளையை மூட விரல் வரவில்லை. தலையைத் தூக்கிப் பார்க்கிறாள். சின்னவள் பஞ்சைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அவள் கண்ணை நேராகப் பார்த்தபடி நிற்கிறாள். மறதி இல்லை. துளையில் சிவப்பாக ஒரு புள்ளி முளைக்கிறது. பெரியவள் தன் கட்டைவிரலையே அதன்மேல் அழுத்திக்கொண்டு எழுந்து உட்காருகிறாள்.

"ஆளை மாத்திக்குங்க" என்று ஆசிரியை கைதட்டுகிறார். "அடுத்தது சக்தியை இறக்கறது. ஆட்டி ஆட்டி, மெதுவா உருவணும். துளையை மூடவே கூடாது."

பெரியவள் புது ஊசியின் உறையைக் கிழிக்கிறாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு சின்னவளிடம் வாயைத் திறக்கிறாள்.

"படு."