பர்மா சண்டைப் படம்

"இன்னாய்யா இது, எம் புருசன் படம் இங்க மாட்டிக் கீது?"

மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு எட்டிப் பார்த்த அங்காளம்மாள் போட்ட கூச்சலில் லஸ் மண்டபமே திரும்பியது.

சுவரில் நாற்பது வருஷத்துக்கு முந்தைய பர்மா சண்டைப் படம். துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு மண்ணில் செத்துக் கிடக்கிறான் ஒரு சிப்பாய். அதை எடுத்த சாந்தோம் வேதநாயகத்துக்கு இன்னும் சற்று நேரத்தில் துரை கையால் தங்க மெடல்.

கண்காட்சி நடத்தும் போட்டோ சபையின் காரியதரிசி கங்காதரனுக்குத் தலைகால் புரியவில்லை. "ஓய் வேதநாயகம், வீரனோட சம்சாரமே வந்துட்டா! துரை வந்ததும் மேடையில ஏத்திடறேன், இவ வாயாலயே சொல்லட்டும். படம் பொய் சொல்லுமா ஓய்!" என்றவர், துரையை வரவேற்க வாசலுக்கு ஓடினார்.

வேதநாயகத்துக்கல்லவா தெரியும்! படம் சொன்னது முழுப் பொய். அன்று அவருடைய கேமரா மாட்டுவண்டியில் போய்ச் சேருவதற்குள் சண்டை முடிந்து, பிணங்களையும் புதைத்துவிட்டார்கள். வெறுங்கையோடு எப்படித் திரும்புவது? மூட்டை தூக்க வந்த கூலியாள் ஒருவனுக்குச் சிப்பாய்ச் சட்டையை மாட்டிக் கிடத்தி, "அசைஞ்சா படம் கெட்டுப்போகும், மூச்சு விடாதே" என்று எடுத்த படம் அது. எடுத்து முடித்ததும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு சாராயம் கேட்டான் பாவி!

அவன் உயிரோடு ஊர் திரும்பினான் என்று இவள் மேடையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மெடலும் போச்சு, மானமும் போச்சு.

அவளைத் தூண் மறைவுக்கு அழைத்துப் போனார்.

"ஏம்மா, உம் புருஷன்... பர்மாவுல சாகலையே?"

"எனக்குத் தெரியாதா நைனா? மறு வருசமே வந்து வூட்டாண்ட நின்னானே!"

"மாதாவே! தாயே, உனக்குப் புண்ணியமாப் போகும், அதை மட்டும் மேடையில சொல்லிடாதே."

"நான் ஏன் சொல்லப்போறேன்? இத்த எடுத்த புண்ணியவான் நீதானா?" அங்காளம்மாள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "குடிச்சிட்டு வந்து அவன் அடிச்ச அடி கொஞ்சமா? அவன் செத்துட்டான்னு ஒரு தொரை இந்தப் படத்தக் கொண்ணாந்து குடுத்தாரு. தாலியை அறுத்துப் போட்டுட்டு அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன். அப்பால அவன் வந்து, 'நான்தாண்டி உம் புருசன், உசுரோட கீறேன்'னு கதவைத் தட்டினான்."

"நீ என்ன பண்ணினே?"

"படத்த மூஞ்சிக்கு நேராக் காட்டி, 'எம் புருசன் செத்துட்டான், படம் பொய் சொல்லுமா, போடா'ன்னு கதவைச் சாத்திட்டேன்!"