ஆறாவது கடிகாரம்

தேக்குப் பெட்டியில் ஆறு குழிகள். ஐந்தில் கைக்கடிகாரம் இருந்தது. ஆறாவது காலியாக இருந்தது.

அந்த ஆறாவதைப் பார்ப்பதற்கென்றே கம்பத்திலிருந்து மலையேறி வந்திருந்த சவுகத் அலி, பெட்டியையும் சின்னச்சாமியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சின்னச்சாமிக்கு உடம்பெல்லாம் கூசியது.

ஏலத்தோட்டக்காரர்கள் நிலம் சேர்ப்பார்கள், நகை சேர்ப்பார்கள். சின்னச்சாமி சேர்த்தது மணியடிக்கும் பழைய கைக்கடிகாரங்களை. தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய துரைமார்களிடம் நடையாய் நடந்து வாங்கியவை. காணாமல் போனதுதான் அவற்றில் ராஜா. பக்கத்திலிருக்கும் சின்ன விசையைத் தள்ளினால் போதும், அப்போது எத்தனை மணி, எத்தனை கால், எத்தனை நிமிஷம் என்று தனித்தனிக் குரலில் அடித்துச் சொல்லும்.

மற்ற ஐந்தும் பெட்டியில் சொகுசாகத் தூங்க, இது மட்டும் தோட்டத்தில் வேலை பார்த்தது. சாயங்காலமானால் சின்னச்சாமி ஏலக்காய் ஸ்டோர் வாசலில் நின்று, கையை உயர்த்தி விசையைத் தள்ளுவார். காய் பறிக்கும் பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு எண்ணுவார்கள். ஐந்து அடித்தால் வேலை முடிந்தது.

"நல்லா எண்ணிக்கங்க. கடியாரம் பொய் சொல்லாது" என்பார். அதன் மேல் அவருக்கு அத்தனை செல்லம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தாமே சாவி கொடுப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

"சனிக்கெழம மணியடிச்சிட்டு, கை கழுவக் குழாயடியில கழத்தி வச்சேன் பாய். நேத்து லீவு, இப்பத்தான் ஞாபகம் வருது. எவளோ அமுக்கிட்டா."

கங்காணி மொக்கையன் பெண்களை வரிசையாக நிறுத்தினான். ஒவ்வொருத்தியின் தூக்குவாளியையும் கவிழ்த்துக் கொட்டினான். மத்தியானக் கஞ்சியும் துவையலும் மண்ணில் ஓடின. கடிகாரம் மட்டும் கிடைக்கவில்லை.

"குருவம்மா இன்னைக்குச் சோலிக்கு வரல மொதலாளி" என்றான் மொக்கையன்.

"அப்ப அவதான். கைப்புள்ளக்காரின்னு எரக்கப்பட்டு வேல குடுத்தேன். திருட்டுச் சிறுக்கி!" விருந்தாளியின் காதுக்கும் சேர்த்தே சின்னச்சாமி கத்தினார்.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் கீழே பாதையில் ஒரு ஜீப் வந்து நின்றது. மூச்சு வாங்க மேலே ஓடிவந்த குருவம்மாள், சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே கடிகாரம்.

"பாத்தீகளா பாய்! ஒன்னையப் போலீசுல புடிச்சுக் குடுக்காம விட்டேனா பாரு."

"திருடல மொதலாளி. போடியில சிக்கந்தர் பாய் கடையில ரிப்பேருக்குக் குடுத்து வாங்கியாறேன்."

"ரிப்பேரு பாக்க ஒன்னைய எவன் சொன்னான்?"

குருவம்மாள் தயங்கினாள். பிறகு மெல்லச் சொன்னாள். "போடிமெட்டுல அஞ்சே கால் ஜீப்பு தெனமும் எங்கள விட்டுட்டுப் போயிருது. டிரைவர்ட்டச் சண்டைக்குப் போனேன். அவரு டிரான்சிஸ்டர்ல நேரஞ் சொன்னதக் கேக்க வச்சாரு. நம்ம கடியாரந்தான் சாயங்காலத்துல அரை மணி பின்னால ஓடுது. ஜீப்ப விட்டா லோடு லாரிக்குக் காத்துக் கெடக்கணும். ராசிங்காபுரம் போய்ச் சேர்றதுக்குள்ள புள்ள அழுதழுது தூங்கிப்போகுது மொதலாளி. எனக்குப் பால் கட்டி நெஞ்செல்லாம் நோகுது."

"அத எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"நாலு பேருக்கு முன்னால எப்பிடிச் சொல்றது? கடியாரம் பொய் சொல்லாதும்பீக. அது தப்பா ஓடுதுன்னு தெரிஞ்சா ஒங்களுக்குல்ல கேவலம். குழாயடியில கெடந்துச்சு, சரி பாத்துக் கொண்டாந்து வச்சிரலாம்னு எடுத்துட்டுப் போனேன்."

சின்னச்சாமியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணைத் தாழ்த்தினார். தாழ்த்திய இடத்தில் கஞ்சி கொட்டிக் கிடந்தது. திருடி என்று கத்திய வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சரி, சரி. போயிச் சோலியப் பாரு, வெரசா" என்று அவளை அனுப்பி வைக்கப் பார்த்தார்.

சவுகத் அலி விடுவதாக இல்லை. கடிகாரப் பைத்தியம் அவருக்கும் உண்டல்லவா? அதை ஆசையோடு வாங்கி விசையைத் தள்ளினார். பதினொரு மணி, ஒரு கால், மூன்று நிமிஷம் என்று கணீரென அடித்து ஓய்ந்தது. தம் கையில் கட்டியிருந்ததைப் பார்த்தார். பதினொன்று பதினெட்டு.

"மாஷா அல்லா! ஒரு நிமிஷம் பிசகல அண்ணே. இந்த மாதிரி சாமானத்துல கை வைக்க மதுரையிலயே ஆளு கெடையாது." உண்மையான ஆவலோடு குருவம்மாள் பக்கம் திரும்பினார். "ஏத்தா, சிக்கந்தர் பாய் இதுல எதச் சரி பண்ணுனாரு? ஸ்பிரிங்கா, பல்சக்கரமா?"

வாளிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். மொக்கையனும் பார்த்தான். இவ்வளவு நேரம் சின்னச்சாமியின் முகத்தைப் பார்த்தே பேசிய குருவம்மாள், இப்போது தலையைக் குனிந்துகொண்டாள்.

"முள்ள மட்டுந்தான் நகட்டி வச்சாரு பாய். அப்புறம் நேத்துப் பூரா ஓடவிட்டுப் பாத்தாரு" என்றவள், மேலே சொல்ல மனசில்லாதவள்போல நிறுத்தினாள்.

"பாத்து?"

"கடியாரத்துல ஒரு கோளாறும் இல்லையாம்."