எதிர்க்கடைக்குப் போன அன்னம்

பட்டுக்கடை முதலாளி ராமலிங்கம் வந்ததும் வராததுமாகக் கத்தினார். "நம்ம அன்னப்பட்சி டிசைன் மறுபடியும் எதிர்க்கடை சரத்குமாருக்குப் போயிருக்குதும்மா."

"நம்ம தறிக்காரர் சாமுவேலுக்கு மெயில் அனுப்ப 'எஸ்' அடிச்சாலே, சரத்குமார் ஐடி முந்திக்கினு வந்து நிக்குது சார்," என்றாள் கடைக் கம்ப்யூட்டரில் இருந்த கிரேஸ்.

"அந்த ஐடியை அழி. இன்னொரு தபா போச்சுன்னா உனக்கு இங்க வேலை இல்ல."

கிரேஸ் உடனே அழித்தாள். அதன்பின் எல்லாம் ஒழுங்காகச் சாமுவேலுக்கே போனது. ஆனால் கொஞ்ச நாளில் முதலாளியிடமிருந்து புது டிசைன் வருவதே நின்றுபோனது. சாமுவேல் தறி சும்மா கிடந்தது.

ஒருநாள் சரத்குமாரே தெருவைத் தாண்டி வந்தார். "என்னண்ணே, உங்க மெயிலே காணோம்? என் தறியெல்லாம் நிக்குது. உங்க அன்னத்துக்குக் கொண்டையை மாத்தித்தானே நான் நெய்யக் குடுக்கறேன்."

ராமலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "உன் கம்ப்யூட்டரும் தப்பா எனக்கு அனுப்பிக்கினு இருந்துச்சேப்பா. அந்த அன்னத்துக்கு வாலை மாத்தித்தான் நானும் குடுக்கறேன்."

"அப்போ அன்னத்தை வரைஞ்சது யாரு சார்?" என்று கேட்டுவிட்டாள் கிரேஸ்.

இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.

"அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா?" என்றார் ராமலிங்கம். "முதல்ல இவரு ஐடியைத் திரும்பச் சேத்துடு."