எதிர்க்கடைப் பொடி

மயிலாப்பூர் ராமானுஜத்தின் மூக்குப்பொடிக் கடையில் அன்று இருந்தவர்கள் மூன்று பேர்: ராமானுஜம், அவருடைய மைத்துனன் வேதாந்தம், பொடி இடிக்கும் சர்தார். டிராமை விட்டு இறங்கியவர்கள் எல்லோரும் எதிர்க்கடையில் நின்றார்கள்.

மூன்று தலைமுறைப் பெயர், எதிர்க்கடை திறந்த மூன்றே மாதத்தில் போய்விடும் போலிருந்தது. வேதாந்தம் எதிர்க்கடைப் பொடியை வாங்கிவந்து நீட்டினான்.

ராமானுஜம் ஒரு சிட்டிகை உறிஞ்சி முகத்தைச் சுளித்தார். "செங்கல் தூள்! நம்மாத்துப் பொடிக்குக் கால் தூசி பெறுமா இது?"

"இதுல என்ன சேர்க்கறான்னு தெரிஞ்சுண்டா நாமளும் சேர்க்கலாமே, அத்திம்பேர்!"

சர்தார் இடிப்பதை நிறுத்தினார். "இன்னா சாமி, நம்ம சரக்கே தெரியலையா? நம்மகிட்ட டின் டின்னா எடுத்துக்கினு போறாரே சைதாப்பேட்டைக்காரரு, அவரு எதிர்க்கடைக்காரருக்கு மச்சான்!"

ராமானுஜம் அதே பொடியில் இன்னொரு சிட்டிகை எடுத்து உறிஞ்சிப் பார்த்தார்.

"அப்புறம் எதுக்குடா கூட்டம் அங்கே போறது?" என்றார் ராமானுஜம்.

"அவர் வரவாளை, 'வாங்கோ, உக்காருங்கோ'ங்கறார், அத்திம்பேர். நீங்க நிமிர்ந்தே பார்க்கறதில்லை."

"பொடி வாங்க வரவனுக்கு நான் பூர்ணகும்பம் எடுக்கணுமோ?"

அன்று முதல் ராமானுஜம் வாசலுக்கே வந்து எல்லோரையும் வரவேற்றார் என்று மாடவீதியில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். கடையை மூடிய நாள்வரை அந்தக் குடும்பத்தில் ஒருவரும் யாரையும் 'வாங்கோ' என்றதில்லை.