கவிஞர் மடலேறி

கவியரங்கம் தொடங்க நேரமிருந்தது. கவிஞர் மடலேறி மண்டபத்துக்கு எதிர்த்த டீக்கடை வாசலில் நின்று தாடியைக் கோதிக்கொண்டிருந்தார்.

பண்டகசாலையில் சர்க்கரை நிறுக்கும்போது அவர் பெயர் கண்ணுச்சாமி.

"அதென்னண்ணே மடலேறி?" என்றார் டீக்கடைத் தவசி. எத்தனை தடவை கேட்டாலும் கவிஞருக்கு அலுக்காது என்பது அவருக்குத் தெரியும்.

"விரும்பினவ மறுத்துட்டா பழந்தமிழன் சும்மா இருக்க மாட்டான், தவசி. பனைமட்டையில குதிரை செஞ்சு, அதுல ஏறி, அவ பேரைச் சொல்லித் தெருத்தெருவா வருவான். கருக்கு தொடையைக் கிழிக்கும். அந்த ரத்தம்தான் என் கவிதை."

கவிஞர் ஏறிவந்த சைக்கிளுக்கு ஸ்பிரிங் சீட். அதன்மேல் துண்டு வேறு மடித்துப் போட்டிருந்தது.

பேரைச் சொல்வதில் மட்டும் அவர் அசல் பழந்தமிழர். "கல்நெஞ்சுக்காரி மாயக்காள்" என்று மேடையில் குரல் உடையப் பாடுவார். முன்வரிசை கண்ணைத் துடைக்கும். பசுமலையில் டீச்சராக இருக்கும் மாயக்காளைக் கொட்டாம்பட்டி வரைக்கும் தெரியும். பெண் கேட்டு வந்தவர்கள் அந்தப் பேரைக் கேட்டதுமே அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்கள்.

அன்று டவுன் பஸ்ஸிலிருந்து மாயக்காளே இறங்கினாள்.

நேராக வந்து அவர் முன்னால் நின்றாள்.

"என்கிட்ட என்னைக்கு சார் வந்து கேட்டீக, நான் மாட்டேன்னு சொல்றதுக்கு?"

தாடிக்குள் போன விரல்கள் வெளியே வரவில்லை.

"போகட்டும். இப்பக் கேளுங்க. இம்புட்டுப் பேரு சாட்சி இருக்காக. நான் என்ன சொல்றேன்னு பாத்துருவோம்."

அவள் மாட்டேன் என்றால் மானக்கேடு. சரி என்றுவிட்டாலோ அதைவிட நஷ்டம். தாடியை எடுக்க வேண்டும். புனைபெயரை விட வேண்டும். முன்வரிசைக்கு என்ன பதில் சொல்வது?

கவிஞர் தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார்.

எதிர்த்த மண்டபத்தின் ஒலிபெருக்கி அவர் பெயரைக் கூப்பிட்டுக் காப்பாற்றியது. சைக்கிளை மறந்து நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்காக.

மாயக்காள் பெஞ்சில் உட்கார்ந்தாள். "ஒரு டீ போடுங்கண்ணே."

டீ வருவதற்குள் ஒலிபெருக்கியில் குரல் உடைந்தது.

"கேட்டேன்... சற்றுமுன் மீண்டும் கேட்டேன்... மீண்டும் மறுத்தாள் மாயக்காள்!"

மண்டபம் கைதட்டியது. டீக்கடையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாயக்காள் வந்த டீ டம்ளரைப் பிடித்தபடி தலைகுனிந்திருந்தாள்.

அப்போது வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, பாய்லரையும் பஜ்ஜித் தட்டையும் மாறிமாறிப் பார்த்தபடி பேசாமல் நின்றார்.

தவசி அடுத்த டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"என்னண்ணே மடலேறி மாதிரி நிக்கிறீக? வேணும்னா வாயத் தொறந்து கேளுங்க."

கடையே சிரித்தது. மாயக்காளுக்குப் புரையேறிவிட்டது.